கோட்டரி என்பது வசையா?

கேள்வி: சென்ற இதழில் எங்கள் கலை இலக்கிய வட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘ஒரு கோட்டரியாகச் சுருங்கிவிட்டது’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அகராதியில் தேடினேன். ‘ஒத்த ரசனை உள்ளவர்களின் நெருக்கமான வட்டம்’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அது பாராட்டா, வசையா? வசை என்றால், பன்னிரண்டு வருடமாகக் கைக்காசு போட்டு வட்டத்தை நடத்தும் எங்களுக்கா அது? தமிழ் இதழில் எதற்கு ஆங்கிலச் சொல்?
– வாசகர், கொட்டகலை

பதில்: பாராட்டு இல்லை. குறை சொல்லத்தான் எழுதினோம். நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன்.

உங்கள் அகராதி சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். ஒத்த ரசனையுள்ள பத்துப் பேர் பொழுது சாய்ந்ததும் கூடி, பிளேன்டீ குடித்தபடி கவிதை பேசினால் அது நட்பு. அதைத் தட்டிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அதே பத்துப் பேர் ஊருக்குப் பொதுவான மேடையையும் மண்டபத்தையும் பரிசையும் மலர் வெளியீட்டுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பதினோராவது ஆளை உள்ளே விடாமல் இருந்தால் அதுதான் கோட்டரி.

இந்தச் சொல் வந்த வழி இலங்கை மலையகத்தவர் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பிறந்தது பிரெஞ்சு மொழியில். அங்கே இடைக்காலத்தில் நிலம் பிரபுவுக்குச் சொந்தம். அந்த நிலத்தில் குடிசை போட்டுப் பயிர் செய்து பிழைத்த ஏழைக் குடியானவர்கள் ஒன்றுசேர்ந்து, பிரபுவிடமிருந்து நிலத்தைப் பொதுவில் பெற்று உழுதார்கள். அந்தச் சேர்க்கைக்குத்தான் முதலில் கோட்டரி என்று பெயர். கொட்டேஜ் என்கிறோமே, அதில் இருக்கிற ‘கொட்’ என்ற குடிசைதான் இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. பிறகு அது வசதியுள்ளவர்களின் விருந்தறைக்குப் போய்ச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது குடிசையும் இல்லை, கலப்பையும் இல்லை. ‘எங்களுக்குள் மட்டும்’ என்ற பொருள்தான் மிஞ்சியிருந்தது.

இதை முதலில் படித்த அன்று எனக்கு நான் வளர்ந்த லயம்தான், தோட்டத் தொழிலாளருக்கான அந்த வரிசை வீடுதான், கண்முன் வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. நிலம் தோட்டத்துடையது, கூரையும் தோட்டத்துடையது. செக்ரோல் என்கிற தோட்டத்து வேலையாள் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரைதான் அந்த இடம் நமக்கு. நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து கணக்குப் பார்த்தால் இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் கடந்துவிட்டது. இன்றைக்கும் 7 பேர்ச் அளவுள்ள சின்னக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு நிற்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடிசைக்காரர்களின் சொல்லைக் கேட்டால் நமக்குச் சொந்தக்காரர் பெயரைக் கேட்டதுபோல இருக்க வேண்டும்.

நம்முடைய சங்கங்களும் அப்படித்தான் பிறந்தன. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றம் என்றிருந்த காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அடைத்த கதவைத் திறக்கத்தான் அந்தச் சங்கமே. இதே மலையில் அதற்கும் முன்பே வேறொரு வகைச் சேர்க்கை இருந்தது. நுவரெலியாவில் 1876இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய ஹில் கிளப்பைப் போல. அந்த மாதிரி இடங்களுக்குள் நம் ஆட்கள் போனார்கள் என்றால் தட்டு ஏந்தப் போனார்கள். உங்கள் வட்டம் இந்த இரண்டில் எதன் பிள்ளை என்பதே என் கேள்வி.

சென்ற இதழில் இடமில்லாமல் ஒரு வரியில் முடித்ததை இங்கே விரித்துச் சொல்கிறேன். உங்கள் மண்டபத்துக்கு நாற்காலி வாங்கத் தோட்டம் தோட்டமாக உண்டியல் போனது. சம்பள நாளில், தொழிலாளர் கூடுகிற பிரட்டுக்களத்தில் நின்று வாங்கினீர்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் அன்றைக்கு வாங்கிய சம்பளத்தில் இருந்து போட்டார்கள். எனக்குத் தெரியும், நானும் அங்கே நின்றிருந்தேன். அந்தத் தோட்டங்களில் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை கவிதைக் கொப்பியோடு உங்களிடம் வந்தாள். ‘கூட்டம் வைக்கும்போது அறிவிப்போம்’ என்றீர்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் ஐந்து கூட்டம் வைத்தீர்கள். ஒன்றுக்கும் அறிவிப்பு இல்லை. மலர் வந்தது, அதே பத்துப் பெயர். அந்தக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. சில கவிதைகள் கச்சிதமாக வரவில்லை. கொழுந்தெடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க வைக்கிற கம்பின் பெயரில் ‘மட்டக்கம்பு’ என்று ஒன்று இருக்கிறது, அதை வாசித்துவிட்டு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

கைக்காசு போட்டீர்கள் என்பதை மறுக்கவில்லை. மழையில் நனைந்து நாடகம் போட்டவர்கள் நீங்கள். அந்த உழைப்புக்கு என்றும் வணக்கம் உண்டு. ஆனால் உழைத்தவனுக்கு நன்றி கிடைக்க வேண்டும், பூட்டுச் சாவி கிடைக்கக் கூடாது.

தமிழில் சொல் இல்லையா என்ற உங்கள் குறை நியாயமானது. இருக்கிற சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கோஷ்டி என்றால் இன்னொரு கோஷ்டி எதிரே வேண்டும். ‘கோஷ்டி மோதல்’ என்று பத்திரிகைகளில் வருவது அதனால்தான். உங்களுக்கு எதிர்க் கோஷ்டி என்று யாரும் இல்லை, வாசலில் நிற்பவர்கள்தான் இருக்கிறார்கள். பஜனைக் கோஷ்டிக்காரர்கள் மனம் நோகும் என்பதும் ஒரு காரணம். கும்பல் என்றால் அடிதடி வாடை வருகிறது. அது உங்களுக்குப் பொருந்தாது. குழாம் என்பது அடியார் குழாம், புலவர் குழாம் என்று மரியாதையோடு வாழ்ந்த சொல். 735ஆம் குறளில் வள்ளுவர் ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்’ இல்லாததே நாடு என்கிறார். அங்கேயும் பல குழுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுதான் பேச்சு.

தோட்டத்தில் நம் சனம் சொல்கிற சொல் ஒன்று உண்டு. ‘அது அவங்க செட்டு, நமக்கு எதுக்கு?’ கோட்டரிக்கு மிகக் கிட்ட வருகிற சொல் அதுதான். ‘நமக்கு எதுக்கு’ என்று விலகிப் போகிறவரின் மனக்கசப்பும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் அதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். ஆகவே இனி இந்த இதழில் ‘உள்வட்டம்’ என்று எழுதுவோம். உள் என்று சொன்னாலே வெளியே ஆள் நிற்கிறார் என்பது விளங்கிவிடும். சென்ற இதழில் தமிழ்ச் சொல்லைத் தேடாமல் எழுதியது எங்கள் பிழை. சொல்லின் பொருளை மாற்றிக்கொள்ள மாட்டோம்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் திகதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் முதற் பக்கத்திலேயே கட்டணமின்றிப் போடுகிறோம். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். கொப்பியும் அவள் கையில் இருக்கும்.