கேள்வி–பதில்: ஒரே அகல எழுத்துகள்

அம்பத்தூர் வாசகர்: எங்கள் ஹார்ட்வேர் கடை பில்லை ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கி வைத்திருந்தேன். ஃபான்ட் மாற்றியதும் விலைகள் கோணல்மாணலாகிவிட்டன. எண்களின் அகலம் மாறிவிட்டதா?

எண்கள் மேல் தப்பில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் 0 முதல் 9 வரை ஒரே அகலம்தான். பொருளின் பெயரில் ஆங்கில 'ஐ' நாலு வந்தால் வரி குறுகும், 'எம்' வந்தால் அகலும், அதனால்தான் கலைந்தது. மோனோஸ்பேஸ் எழுத்துருவில் எம், ஐ, ஸ்பேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டம். 58 மில்லிமீட்டர் தெர்மல் ரோலில் வழக்கமாக அகலவாக்கில் 384 புள்ளி அச்சாகும். எழுத்துக்கு 12 புள்ளி என்றால் வரிக்கு 32 எழுத்து. பொருளுக்கு 20, எண்ணிக்கைக்கு 4, தொகைக்கு 8 என்று பிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கலையாது.

மயிலாப்பூர் டிசைன் மாணவி: ஸ்பேஸ் மோனோ போன்ற எழுத்துருக்களில் சின்ன ஆங்கில 'ஐ'க்கு மட்டும் ஏன் அடியில் குறுக்குக்கோடாகக் கால் போடுகிறார்கள்? சான்ஸ் செரிஃப் வகை எழுத்துரு என்றால் கால் இருக்கக் கூடாதே?

நல்ல கேள்வி. வட்டம், நேர்கோடு என்று வடிவக்கணிதத்தை வைத்து எழுத்து வரைவது பழைய ஆசை, 1927-இல் பால் ரென்னரின் ஃபியூச்சுரா வந்ததே அப்படித்தான். ஆனால் அதில் 'எம்' அகலமாகவும் 'ஐ' ஒல்லியாகவும் இருக்கலாம். ஒரே கட்டம் என்று வந்துவிட்டால் வட்டமான 'ஓ' நெருங்கி நீள்வட்டமாகிறது, 'எம்'மின் மூன்று நிமிர்ந்த கோடுகளும் இடிபடுகின்றன, 'ஐ' மட்டும் இருபக்கமும் காலி இடத்தோடு தனியாக நிற்கிறது. அந்தக் காலியை நிரப்பத்தான் கால். கொலோஃபோன் நிறுவனம் 2016-இல் கூகுளுக்காகச் செய்த ஸ்பேஸ் மோனோவில் இந்தச் சமரசத்தை ஒளிக்காமல் அழகாக்கியிருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. கால் இருப்பதால் 'ஐ', 'எல்', 1 மூன்றும் குழம்பாது. பூஜ்யத்துக்கு நடுவில் கோடோ புள்ளியோ வைப்பதும் இதற்காகத்தான். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். எத்தனை பேர் அங்கே 'ஓ' அடித்துவிட்டுத் தவிக்கிறார்கள்! அந்த இடத்தையெல்லாம் இப்படிப்பட்ட எழுத்துருவில்தான் அச்சடிக்க வேண்டும் என்பேன்.

வடபழனி வாசகர்: கல்யாணப் பத்திரிகைக்கு ஆகுமா?

தேதி, நேரத்துக்கு ஆகும். பத்தி பத்தியாக வேண்டாம், தாத்தா பாட்டிகளுக்குப் படிக்கக் கஷ்டம்.

திருவல்லிக்கேணி வாசகர்: தமிழில் இது சாத்தியமா?

தட்டச்சு மெஷினில் பழகியவர்களுக்குத் தெரியும், 'ர'வுக்கும் 'ணை'க்கும் ஒரே இடம் என்றால் ஒன்று தொளதொளக்கும், இன்னொன்று மூச்சுத் திணறும். கணினியில் இன்னொரு சிக்கல், எண்ணிக்கை. 'க்' என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு குறி. 'கொ'வும் இரண்டு குறிதான், திரையிலோ மூன்று உருவமாக விரிகிறது. வரிக்கு 32 என்று எண்ணும் நிரல் இங்கே தடுமாறிவிடும். அதனால் தமிழ் கலந்த பட்டியல் என்றால் ஸ்பேஸை விட்டுவிட்டு டேபிள் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையும் தன் இடத்தில் நிற்கும்.