குளிர் தாங்கும் கிவிக் கொடி: ஆணா பெண்ணா என்று கேட்டு வாங்குங்கள்

கேள்வி: தோலோடு உண்ணும் சிறு பழம் தரும் ‘குளிர் தாங்கும் கிவி’ என்று சீட்டு கட்டியிருந்த இரண்டு கன்றுகளை ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கி நட்டேன். இரண்டும் செழித்துப் பந்தலை மூடிவிட்டன. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அதை உங்கள் கொடியின் பூக்களே சொல்லும். ஆண் பனை, பெண் பனை என்று இருப்பதைப் போலவே இந்தக் கொடியிலும் ஆணும் பெண்ணும் தனித்தனி. அடுத்த பூப்பருவத்தில் இரண்டு கொடிகளிலிருந்தும் ஒவ்வொரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பெண் பூவின் நடுவில் பச்சை நிறத்தில் சிறு குடம் போன்ற சூலகமும், அதன் தலையில் குடைக்கம்பிகளைப் போல நாற்புறமும் விரிந்த வெண்ணிற இழைகளும் தெரியும். ஆண் பூவில் அந்தக் குடம் இராது. கருநிற முனை கொண்ட மகரந்தத் தாள்கள் மட்டுமே கொத்தாக நிற்கும். பெண் பூவைச் சுற்றியும் அத்தகைய தாள்கள் இருப்பதால் பலர் அதை இருபால் பூ என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அவற்றின் மகரந்தம் கருவுறச் செய்யாது.

உங்கள் இரண்டு கொடிகளும் ஒரே பாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விதையிலிருந்து வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்பது அது பூக்கும்வரை பார்வைக்குத் தெரியாது. பூப்பதற்கோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். ஆகவே விதைக் கன்று விலை மலிவு என்பதற்காக வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பால் தெரிந்த தாய்க்கொடியிலிருந்து போத்து (கிளைத் துண்டு) வெட்டியோ ஒட்டுக் கட்டியோ வளர்த்த கன்றா என்று கேட்டு, இரகத்தின் பெயரையும் பாலையும் இரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அனனாஸ்நயா’, ‘ஜெனீவா’, ‘கென்ஸ் ரெட்’ ஆகியவை பெண் இரகங்கள். ‘மீடர்’ ஆண் இரகம். ஓர் ஆண் கொடி ஆறு முதல் எட்டுப் பெண் கொடிகளுக்குப் போதும்.

இன்னொரு குழப்பமும் இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு வேறு இனங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று நாம் இதுவரை பேசிய ஆக்டினிடியா அர்குட்டா; மற்றொன்று இலையில் வெண்மையும் இளஞ்சிவப்பும் படரும் ஆக்டினிடியா கொலோமிக்டா. பின்னது முந்திப் பூத்து ஓய்ந்துவிடுவதால், அதன் ஆண் கொடி அர்குட்டாவின் பெண் கொடிக்கு உதவாது. ‘ஆர்க்டிக் பியூட்டி’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இலையழகுக்காக வளர்க்கும் கொலோமிக்டா ஆண் கொடி. அதில் பழத்தை எதிர்பார்க்க முடியாது.

பணத்தைத் திரும்பக் கேட்பது சீட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ‘பெண்’ என்றோ ‘ஓர் இணை’ என்றோ குறிப்பிட்டிருந்தால், சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துவரவில்லை என்று பூவின் படத்தையும் இரசீதையும் காட்டி மாற்றுக் கன்று கேட்டுப் பார்க்கலாம். வெறும் பொதுப்பெயர் மட்டும் இருந்தால் வாதம் வலுவிழந்துவிடும். பெண் என்று வாங்கி ஐந்து ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த கொடி ஆணாகப் பூத்த ஏமாற்றம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. இரசீது இருந்ததால் கன்றை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து ஆண்டுகளை யாராலும் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. நீங்கள் கொடிகளைப் பிடுங்கிவிட வேண்டாம். குறைகிற பாலின் கன்றை அருகில் நட்டாலோ, இருக்கும் கொடியின் ஒரு கிளையில் அந்தப் பாலை ஒட்டுக் கட்டினாலோ, வளர்ந்த வேர் வீணாகாது.

கேள்வி: தனியாகவே காய்க்கும் என்று ‘இஸ்ஸாய்’ என்ற இரகத்தை விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். சப்பானிய இரகமான இது ஆண் கொடி இல்லாமலேயே காய்க்கும், இளமையிலேயே காய்க்கத் தொடங்கும், அதிகம் படராது என்பதால் சிறிய இடத்துக்கு ஏற்றது. ஆனால் மற்ற அர்குட்டா இரகங்கள் தாங்கும் கடுங்குளிரை இது தாங்குவதில்லை, விளைச்சலும் குறைவு. அருகில் ஓர் ஆண் கொடி இருந்தால் இதன் பழங்களும் பருக்கும். தானே காய்க்கும் தன்மை இந்த இனத்தில் அரிது என்பதால், வேறு பெயருள்ள கன்றுகளுக்கும் இதே உறுதியைத் தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. வசந்தத்தில் மைனஸ் 2 டிகிரிக்கே தளிர்கள் கருகிவிட்டன. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்டாலும் கிடைப்பது அரிது. இலையுதிர்த்து உறங்கும் கொடிக்கு அந்த எண் ஏறத்தாழ உண்மை; விழித்துத் துளிர்த்த கொடிக்கு அது பொருந்தாது. இளந்தளிர் உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே கருகிவிடும். கொடி மறுபடி துளிர்க்கும், ஆனால் அவ்வாண்டின் பூக்களில் பெரும்பகுதி போய்விடும். விளம்பரம் பாதி உண்மையை மட்டும் சொல்வது தவறு என்பதே என் கருத்து. அதை விற்றவருக்கு எழுதுங்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: அர்குட்டா பழுக்க உறைபனியற்ற நாள்கள் ஏறத்தாழ 150 தேவை. குளிர்ந்த காற்று வந்து தேங்கும் தாழ்ந்த இடத்திலும், கொடியை முன்கூட்டியே எழுப்பிவிடும் வெயில் சுவரின் ஓரத்திலும் நடாதீர்கள். முதல் சில ஆண்டுகளில் அடித்தண்டைச் சாக்குத் துணியால் சுற்றிவிடுவது நல்லது.

கேள்வி: கன்றோடு சேர்த்து மரச்சட்டப் பந்தல் ஒன்றையும் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வளர்ந்த பெண் கொடி ஒன்று 20 கிலோவுக்கு மேல், நன்கு பராமரித்தால் 45 கிலோ வரைகூடக் காய்க்கும். இலையும் தண்டும் சேர்ந்த அந்தப் பாரத்தை, மழையில் நனைந்து காற்றில் ஆடும்போது, மெல்லிய சட்டங்கள் தாங்கமாட்டா. ஆழப் புதைத்த தடித்த கம்பங்களின் மேல் ஏறத்தாழ ஆறடி உயரத்தில் இழுத்துக் கட்டிய உறுதியான கம்பிதான் இதற்கு ஏற்ற பந்தல். மிச்சப்படும் பணத்தில் நல்ல கவாத்துக் கத்திரி வாங்குங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் முந்தைய ஆண்டு வளர்ச்சியில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய, இந்தக் கொடியின் சிறு கிவிப் பழங்கள் கல்லைப் போல் இருந்தன, புளித்தன. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: உடனே வேண்டாம். இப்பழத்தைக் கெட்டியாக இருக்கும்போதே பறித்துக் குளிரில் வைத்து விற்பது வழக்கம். சில நாள்கள் அறையில் வைத்தால் விரல் அழுத்தத்துக்கு இளகி, தோலோடு அப்படியே உண்ணும் அளவுக்கு இனிக்கும். ஐயமிருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதைகள் கறுத்திருந்தால் பொறுத்திருங்கள். அவை வெளிறியிருந்தால் பழம் முற்றும் முன்பே பறிக்கப்பட்டுவிட்டது. எத்தனை நாள் வைத்தாலும் அதற்குரிய இனிப்பு ஏறாது. வெட்டிய பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.