பிரபலங்களின் பூர்வீகம் தேடும் டிவி நிகழ்ச்சிகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிபிசியின் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' நிகழ்ச்சியில் நடிகர் ஒருவர் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைகிறார். ஐந்தே நிமிடத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைத்துவிடுகிறது. நம்பலாமா? (வாசகி, கோவை)

ஆவணத்தை நம்பலாம், வேகத்தை நம்பாதீர்கள். 2004 முதல் வரும் இந்த நிகழ்ச்சியில், கேமரா வருவதற்கு முன்பே ஆய்வாளர்கள் தேடி முடித்திருப்பார்கள். பிரபலத்திடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். கதை சுவாரஸ்யப்படவில்லை என்றால் விட்டுவிடுவதும் உண்டு. தன் குடும்பக் கதை அப்படித்தான் கைவிடப்பட்டது என்று பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றை எந்த ஆவணத்திலிருந்து எந்த ஆவணத்துக்குப் பின்னோக்கிப் பிடிக்கிறார்கள்? (வாசகர், திருச்சி)

உயிரோடு இருப்பவரின் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர், தொழில் தவிர, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அதை வைத்துப் பெற்றோரின் திருமணப் பதிவைத் தேடலாம். திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். இப்படி மாற்றி மாற்றி ஏறினால் 1837 வரை போய்விடலாம்.

ஒவ்வொரு படியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். நாடு முழுக்க வீட்டில் இருந்தவர்களின் பெயரோடு கிடைப்பது 1841 கணக்கெடுப்பிலிருந்துதான். அதில் ஒரு வம்பு உண்டு. 15 வயது தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி உத்தரவு. 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். வயது பொருந்தவில்லையே என்று சரியான ஆளையே தள்ளிவிடுவார்கள். அதே குடும்பத்தை 1851-ல் பாருங்கள். குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் இருக்கும். அந்த ஊர்ப் பெயர் தெரிந்தால்தான் 1837-க்கு முந்தைய தேவாலயப் பதிவேட்டைத் தொட முடியும். இந்தப் பதிவேடுகளுக்கான உத்தரவு 1538-ல் வந்தது; அவ்வளவு பழையவை எல்லா ஊரிலும் தப்பவில்லை.

அதிகம் பேர் சறுக்குவது இந்தத் தேவாலயப் பதிவேட்டில்தான். ஒரே ஊரில் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு ஜான் டெய்லர்களுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கும். கண்ணில் முதலில் பட்டவரை மூதாதையாக எழுதிவிடாதீர்கள். அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். ஒரு ஜான் குழந்தையிலேயே இறந்திருக்கலாம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அன்று சகஜம் என்பதால், இரண்டு ஜானும் ஒரே தம்பதியின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். இணையத்தில் பிறர் ஏற்றிய குடும்ப மரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்கள் செய்த பிழையும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

20-ஆம் நூற்றாண்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942-ல் தீயில் அழிந்தன. 1941-ல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. 1939 செப்டம்பர் 29-ல் எடுத்த தேசியப் பதிவேடுதான் அங்கே கைகொடுக்கும்.

கேள்வி: பிரிட்டிஷ் நடிகர் டேனி டையர், 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் மன்னரின் வாரிசு என்று காட்டினார்களே, உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

உண்மைதான். 2016-ல் ஒளிபரப்பான அந்தப் பகுதியில், கிழக்கு லண்டன் உழைக்கும் குடும்பத்தில் பிறந்த டையரின் வம்சம் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் வழியாக மேலே போனது. கிராம்வெல்லின் மகன் கிரகரி மணந்தது அரசி ஜேன் சீமோரின் தங்கை எலிசபெத்தை. சீமோர் சகோதரிகள் மூன்றாம் எட்வர்டின் வழி வந்தவர்கள்.

ரத்தத்தை வைத்துப் பார்த்தால் இதில் அதிசயம் குறைவு. 20 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 10,48,576 மூதாதையர் இடங்கள் வரும். அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகையோ சில பத்து லட்சங்கள்தான். ஆகவே அந்த மன்னரின் வழிவந்தவர்கள் ஏராளம். அபூர்வம் என்னவென்றால், ஒரு கண்ணி விடாமல் காகிதம் கிடைப்பது. நிலமும் பட்டமும் உள்ள குடும்பம் ஒன்றில் போய் முட்டினால்தான் அது நடக்கும்.

கேள்வி: அமெரிக்காவின் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' நிகழ்ச்சியில் கறுப்பினப் பிரபலங்களுக்கு 1870 என்ற ஆண்டு திரும்பத் திரும்ப வருகிறதே? (வாசகி, சென்னை)

அடிமைப்பட்டிருந்தவர்கள் எல்லாரும் பெயரோடு இடம்பெற்ற முதல் கணக்கெடுப்பு 1870-ல்தான் வந்தது. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயர் முழுதாக இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இறங்கும். மனிதர்களின் பெயருக்கு அங்கே இடமே இல்லை. பார்க்கவே மனம் பொறுக்காத தாள் அது.

அதைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. 1870-ல் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் வசித்த வெள்ளைக்கார நிலக்கிழார்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய உயிலையும் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலையும் தேட வேண்டும். மாடு, கலப்பையோடு அடிமைகளின் பெயரும் விலையும் அதில் இருக்கும். அந்தப் பெயர்களையும் 1860 பட்டியலின் வயதுகளையும் ஒப்பிட்டு ஆளை அடையாளம் காண்கிறார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. விடுதலைக்குப் பின் பலர் வேறு பெயர் எடுத்துக்கொண்டார்கள். விடுதலையான அடிமைகளுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்கேடுகளும் உதவும். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களைப் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனவர். அவர் குடும்பத்தை இப்படித் தேட முடியுமா? (வாசகர், வேலூர்)

முடியும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று பதிந்திருக்கிறார்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளின் பழைய பதிவுகளிலும் பெற்றோரின் எண்ணைக் காணலாம்.

தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி இருக்காதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தந்தை பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். கிராமம், தந்தை பெயர், வயது மூன்றும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். 'வட ஆற்காடு' என்று எழுதியிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு நிறுத்திவிட வேண்டாம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் தாலுகாக்கள் சில அதற்குப் போயின; அந்தக் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.