கடலோரத்தோடு திரும்பிவிடாதீர்கள்

வணக்கம் அம்மா,

நான் மதுரைக்காரன். வேலை விஷயமாக மொரிஷியஸ் வந்து எபேனில் தங்கியிருக்கிறேன். அண்மையில் ஒரு பழைய ரோடு சைக்கிள் வாங்கினேன். சூயாக்கில் கிளம்பி, தெற்குக் கடலோரமாக லெ மோர்ன் போய், ஷமரேல் மலை ஏறி, கிரான் பசேன், புவா ஷேரி வழியாகச் சூயாக்குக்கே இறங்கும் சுற்றைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அலுவலக நண்பர்களோ, "கடலோரம்தான் அழகு. மேலே போனால் மழையும் கரும்பும்தான். லெ மோர்ன் வரை போய், வந்த வழியே திரும்பிவிடு" என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரே நாளில் முழுச் சுற்றும் முடியுமா? எந்தப் பக்கமாகச் சுற்றுவது? எந்த மாதம் நல்லது? மேடு தாங்காது என்றால் வேறு வழி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், எபேன்)

அன்புள்ள தம்பி,

வந்த வழியே திரும்பினால் என்ன ஆகும் தெரியுமா? இந்தத் தீவில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசும். சூயாக்கிலிருந்து மேற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும். நம் கால்தான் இப்படி ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு லெ மோர்ன் வந்து சேர்வீர்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். வெயில் ஏறிய பிறகு, மறைப்பு இல்லாத கடலோரத்தில், வந்த தூரம் முழுக்க அதை எதிர்த்து மிதிக்க வேண்டும். எண்பது கிலோமீட்டரை ஒட்டிய முழுச் சுற்று அதைவிட மேல்.

ஆகவே கடிகாரம் சுற்றும் பக்கமாகப் போங்கள். நம் ஊர் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். அப்படிப் போனால் கடல் உங்கள் இடக்கைப் பக்கமே இருக்கும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் கார் வராது. இன்னொரு காரணம், லெ மோர்னைத் தாண்டிக் கடலோரத்தில் வரும் கேஸ் நொயாலிலிருந்து ஷமரேல் போகும் சாலை. சில கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்திலிருந்து மலைமேல் கொண்டுபோய் விடுகிறது. வளைவுகள் குறுகியவை, ஈரமானால் வழுக்கும். அதை ஏறத்தான் வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் அதில் இறங்கக் கூடாது.

முதலில் கடலோரம். சூயாக்கில் கிரீ கிரீ பாறைமுனையில் கொஞ்சம் நின்றுவிட்டுக் கிளம்புங்கள். இந்தத் தீவை ஏறக்குறைய முழுவதும் பவளத்திட்டு வளைத்திருக்கிறது. கிரீ கிரீயில் அந்த வளையம் அறுந்திருக்கிறது. அதனால் தெற்குக் கடலின் அலை நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. அந்த இரைச்சலை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கே பெல் ஓம்பர் வரும்போது திட்டு மறுபடி தொடங்கி, வெள்ளைக் கோடு ஒன்று தூரத்தில் தெரியும். உள்ளே தண்ணீர் குளம் போல் கிடக்கும். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த மாற்றம் காதில் விழாது.

பே டு காப்பைத் தாண்டியதும் மக்கொந்தே. சாலை பாறையை ஒட்டிக் கடலின் விளிம்பில் வளைகிறது. பெரிய அலை நாளில் தெறிக்கும் நீர் சாலையையும் நனைக்கும். படம் எடுக்க நிற்கிறவர்கள் திடீரென்று குறுக்கே வருவார்கள். அங்கே வேகம் வேண்டாம்.

பிறகு லெ மோர்ன். 556 மீட்டர் உயரமான பாறை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். 1835இல் அடிமைமுறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படம் எடுங்கள். ஆனால் அடிவாரத்தில் உள்ள நினைவுச் சின்னத்திடம் இறங்கி நின்றுவிட்டுப் போங்கள்.

உங்கள் நண்பர்கள் திரும்பச் சொல்லும் இடம் இதுதான். உங்கள் முதுகைத் தள்ளி வந்த அதே காற்றுதான் தீவின் நடுமேட்டில் மோதி மேலெழும்பி மழையாகக் கொட்டுகிறது. மேற்குக் கரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை; மேட்டில் 4,000 வரை போகும். லெ மோர்னில் காய்ந்த புதர். ஷமரேலைத் தாண்டி பிளேன் ஷம்பாஞ் ஏறினால், அங்கே பாசி படிந்த மரமும் முகத்தில் அறையும் சாரலும். இரண்டையும் ஒரே காலையில் உடம்பில் வாங்க வேறு எந்தச் சாலை இருக்கிறது? பையில் மழைக்கோட்டு இருக்கட்டும்.

அந்த மேட்டுக்காடுதான் கறுப்பு நதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 1974இல் நான்கே நான்கு என்று எண்ணப்பட்ட மொரிஷியஸ் வல்லூறு அழியாமல் இன்றும் இந்தக் காடுகளில் பறக்கிறது. சாலையோரம் சீனக் கொய்யா மண்டிக் கிடக்கும். வெளியிலிருந்து வந்து சொந்தக் காட்டை நெருக்குகிற செடி அது. ஆனாலும் பழக்காலத்தில் குடும்பம் குடும்பமாக வந்து பறிப்பார்கள். நீங்களும் பறித்துத் தின்னுங்கள், தப்பில்லை. காட்சிமுனையில் குரங்குகளிடம் மட்டும் வாழைப்பழத்தைக் காட்டாதீர்கள்.

கிரான் பசேனில் ஏரியும் 33 மீட்டர் சிவன் சிலையும். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் தீவெங்கிலுமிருந்து லட்சக்கணக்கானோர் காவடி சுமந்து நடந்தே வருவார்கள். அந்த வாரம் சைக்கிளை எடுக்காதீர்கள். அந்தச் சாலை அவர்களுடையது. அடுத்து புவா ஷேரி, தேயிலை. அங்கே வனிலா மணக்கும் தேநீர் ஒன்று குடித்துவிட்டு இறங்குங்கள்.

இனி, "கரும்புதானே" என்று உங்கள் நண்பர்கள் தள்ளிவிட்ட பகுதி. கிரான் புவா தாண்டிச் சூயாக் வரை இறக்கம். இரு பக்கமும் கரும்பு. வயல்களுக்கு நடுவே கரும்பாறைக் கற்கள் மேடு மேடாகக் குவிந்திருக்கும். எரிமலைத் தீவு இது. கல்லைப் பொறுக்காமல் இங்கே ஒரு கரணையும் நட முடியாது. அந்தக் கல்லைப் பொறுக்கியவர்கள் முதலில் அடிமைகள், பிறகு ஒப்பந்தக் கூலிகள். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் சனமும் அதில் உண்டு. என் பாட்டி கரும்பு வெட்டியவர். பின்னாளில் இயந்திரங்கள் வந்து பல குவியல்களை வாரிவிட்டன. மிஞ்சியதை நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். கடலைக் கடவுள் படைத்தார். இந்த நிலத்தை மனிதர்கள் வெறுங்கையால் உண்டாக்கினார்கள். மதுரையிலிருந்து வந்த பிள்ளை அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வரப்போரத்தில் சின்னச் சின்னக் கோவில்கள் தெரியும். மாரியம்மன், முனீஸ்வரன், போஜ்புரிக்காரர்களின் காளிமாய். கடைப் பலகைகளில் முத்துசாமியும் வீரப்பனும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் இருப்பார்கள். அந்தக் கடைகளில் கடலைப்பருப்பு வடை மாதிரியான காத்தோ பிமாவும் தால் பூரியும் கிடைத்தால் விடாதீர்கள்.

மாதம் கேட்டீர்கள். செப்டம்பர், அக்டோபர். மழை குறைவு, புயல்காலமும் தொடங்கியிருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டாம். செப்டம்பரில் கரும்பு வெட்டு நடக்கும். பாரம் ஏற்றிய லாரிகள் ஒதுங்க இடமில்லாத சாலையில் உரசிக்கொண்டு போகும். அதனால் ஞாயிறு பாருங்கள். அன்று கடற்கரைக்குக் குடும்பங்கள் வரத் தொடங்குமுன், விடியலிலேயே சூயாக்கை விட்டுவிட்டால் பத்து மணிக்குள் ஷமரேல் அடிவாரத்தில் இருக்கலாம். பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். மேட்டில் பனிமூட்டம் சொல்லாமல் வரும். டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய சைக்கிள் என்கிறீர்கள். பின்பக்கப் பல்சக்கரம் சிறியதாக இருந்தால், கிளம்புமுன் பெரியதாக மாற்றிக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரே நாளில் தாராளமாக முடியும்.

மேடு தாங்காவிட்டால் ஷமரேலில் வலப்பக்கம் திரும்பி, ஷுவாசி வழியாகக் கரும்புச் சரிவில் பே டு காப்புக்கு இறங்கிவிடலாம். பே டு காப்பிலிருந்தே தொடங்கினால் அதுவே ஒரு குட்டிச் சுற்று, பாதி தூரம்தான். அதில் பிளேன் ஷம்பாஞ்சும் தேயிலையும் கிடைக்காது, கரும்பு கிடைக்கும். கேஸ் நொயால் ஏற்றம் அதிலும் உண்டு. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டே ஏறுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏறுங்கள்.

அன்புடன்,
அம்மா