மருத்துவமனை நிர்வாகத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ: கடன் வாங்கிச் சேரலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 23,000 ரூபாய். ஆன்லைனில் எம்.பி.ஏ ஹாஸ்பிட்டல் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்க ஆசை. கட்டணம் 2 லட்சம், இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் 20,000 தள்ளுபடி என்று கவுன்சிலர் ஒருவர் தினமும் போன் செய்கிறார். 'யுஜிசி அப்ரூவ்டு, நாக் ஏ பிளஸ்' என்கிறார். மாதம் 8,850 வீதம் 24 தவணையாகக் கட்டலாமாம், வரியும் மிச்சமாகுமாம். ஒரு லட்சம் ரூபாய் சீட்டு ஒன்று போடுகிறேன், மாதம் 5,000. நான்கு மாதத்தில் முடிகிறது, கமிஷன் போக 95,000 வரும். தவணையில் சேரலாமா, நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு வருடம் கிளெய்ம் ஃபைல்களோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு மருத்துவமனை எப்படி நடக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். இந்தப் படிப்பு உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் முன் அங்கீகாரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

கவுன்சிலர் சொன்ன 'நாக் ஏ பிளஸ்' உண்மையாகவே இருக்கலாம். நாக் என்பது கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு. அது தருவது பல்கலைக்கழகத்துக்கான மதிப்பெண். நான்குக்கு 3.26 முதல் 3.50 வரை வாங்கினால் ஏ பிளஸ். அது உங்கள் படிப்புக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. ஆன்லைனில் பட்டம் தர, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, அந்தப் பல்கலைக்கழகம் அந்தந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தும் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். எந்தக் கல்வியாண்டில், எந்த அமர்வுக்கு (மாணவர் சேர்க்கைப் பருவத்துக்கு), எந்தப் படிப்புக்கு என்பதுவரை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் தன் இணையதளத்தில் பட்டியல் போடுகிறது. தபால் வழியில் நடத்தும் தொலைநிலைப் படிப்புக்கு ஒரு பட்டியல், ஆன்லைனுக்கு இன்னொரு பட்டியல். ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. லேப் டெக்னீஷியன் தம்பி ஒருவர் ஒரு ஃபைலோடு என்னிடம் வந்தார். பளபளப்பான விளம்பரத் தாள், அதன் அடியில் வரிசையாக நான்கு முத்திரைகள். இருவரும் உட்கார்ந்து டெப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது, எதிரே எம்.பி.ஏ-வும் இருந்தது. ஆனால் அது தொலைநிலைப் பட்டியல். ஆன்லைன் பட்டியலில் அவர் சேர்ந்த படிப்பு இல்லவே இல்லை. அதற்குள் கடன் தவணையாக 60,000 கட்டியிருந்தார். படிப்பை நிறுத்தினார், தவணை நிற்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே அந்தப் பக்கம் கொடுத்துவிட்டிருந்தது. மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போய்க்கொண்டே இருந்தது. விளம்பரத்தில் இருந்த நான்கு முத்திரைகளில் ஒன்று என்.ஏ.பி.எச். அது மருத்துவமனைகளுக்குத் தரும் தரச்சான்று, பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மருத்துவமனை அதற்கு விண்ணப்பித்திருந்தால் அந்த ஃபைல் வேலை எத்தனை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பழைய பெயரை நம்பியும் சேர வேண்டாம். தமிழ்நாட்டில் பல காலமாகத் தொலைநிலைக் கல்வி நடத்திவந்த ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு 2014-15க்குப் பிறகு அதற்கான அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது. அங்கே படித்தவர்கள் எத்தனை பேர் கலங்கிப்போனார்கள் என்பது நினைவிருக்கும். அதேபோல, 2025-ல் உளவியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற படிப்புகளை ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்புகளில் விதி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நீங்கள் சேரப்போகும் அமர்வுக்கு, உங்கள் படிப்பின் பெயர் அப்படியே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், சேருவதற்கு டெப் ஐடி, அதாவது டெப் இணையதளத்தில் மாணவருக்கான பதிவு எண், கட்டாயம். அதை ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் அரசுக் கணக்கின் எண்) வைத்து நீங்களே உருவாக்க வேண்டும். "உங்க ஓடிபி மட்டும் சொல்லுங்க, நாங்களே போட்டுடறோம்" என்றால் கொடுக்காதீர்கள். அந்த கவுன்சிலர் பல்கலைக்கழக ஊழியரா, இடையில் இருக்கும் நிறுவனத்தின் ஆளா என்றும் கேளுங்கள். வேறொரு நிறுவனத்துக்குக் கிளை போலக் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. பணம் போவது பல்கலைக்கழகத்தின் கணக்குக்குத்தான் என்பது ரசீதில் தெரிய வேண்டும்.

முறையான அனுமதியோடு பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே அனுமதி இருந்தால் 'ஆன்லைன்தானே' என்ற தயக்கம் வேண்டாம்.

சரி, பணத்துக்கு வருவோம். 8,850 வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 2,12,400. வாங்கும் கடன் 1,80,000. வட்டி மட்டும் 32,400. "வருஷத்துக்கு 9 பர்சென்ட்தான்" என்று சொல்வார்கள். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை முழு 1,80,000-க்கும் வட்டி போடும் கணக்கு இது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது 16 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 38 ரூபாய் இதற்கே போய்விடும். 20,000 தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு 32,400 வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

வரி மிச்சம் என்றது கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவைப் பற்றி. அது பழைய வரி முறையில் மட்டும் உண்டு. உங்கள் ஆண்டு வருமானம் 2,76,000. எந்த முறையில் போட்டாலும் உங்களுக்கு வரியே வராது. வராத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

நகை வீட்டிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே கையிருப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் சீட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. நான்கு மாதம் பொறுங்கள். கட்டணத்தை செமஸ்டர் வாரியாகக் கட்டும் வசதியைக் கேளுங்கள். தள்ளுபடி போனாலும் நான்கு செமஸ்டருக்கு 50,000 வீதம். கையில் வரும் 95,000 முதல் இரண்டு செமஸ்டருக்கு ஏறக்குறையப் போதும். சீட்டு முடிந்த மாதத்திலிருந்து அதே 5,000-ஐ ஆர்.டி-யில் (மாதாந்திரத் தொடர் வைப்பில்) போட்டால், கடைசி செமஸ்டர் வரும் 18-வது மாதத்துக்குள் 90,000 சேர்ந்திருக்கும். இந்த ஒன்றரை வருடத்தில் நீங்கள் வேறு எங்கிருந்தாவது தேட வேண்டியது மொத்தமே 15,000 ரூபாய். நடுவில் படிப்பு பிடிக்கவில்லை என்றாலும், குழந்தை, குடும்பம் என்று ஏதாவது குறுக்கே வந்தாலும், அந்த செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் பாக்கி இருக்காது.

இந்த நான்கு மாதத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மருத்துவமனை எச்.ஆரிடம் போய், இந்தப் பட்டம் முடித்தால் எந்தப் பதவிக்கு எடுத்துக்கொள்வீர்கள், சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். முடிந்தால் மெயிலில் பதில் வாங்குங்கள். மதுரையிலோ கோவையிலோ பெரிய மருத்துவமனைகளில் ஆபரேஷன்ஸ் வேலைக்கு வரும் விளம்பரங்களில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பத்து விளம்பரமாவது பார்த்துக் குறித்து வையுங்கள். முழுநேரப் படிப்புதான் வேண்டும் என்று பாதிப்பேர் கேட்டால், சேருவதற்கு முன் எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள். அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.