விருது வாங்கியாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: அண்ணா, வியாசர்பாடில சாயங்கால டியூஷன் சென்டர் நடத்துறேன், அதுக்கு ஒரு இளைஞர் விருது கூட கிடைச்சுது. அமெரிக்காவுல லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பசங்க இப்படி விருது வாங்கி, பின்னாடி தொண்டு நிறுவனத்துக்கே தலைவரா வர்றாங்களாமே, நம்ம ஏரியால அது நடக்குமா? – வாசகர், வியாசர்பாடி

பதில்: தாராளமா நடக்கும் தம்பி. ஆனா அங்க விருதோட விஷயம் முடியறதில்ல. அந்தச் சமூகத்துக்காக 1987ல ஆரம்பிச்ச ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ஸ்கூல் முடிக்கிற பசங்களுக்கு யூத் அவார்டு கொடுக்குது, காசோட சேர்த்து முன்னாடி ஜெயிச்சவங்க, கம்பெனி ஆளுங்கன்னு பழக்கமும் கிடைக்குது, அதான் பெரிய பலம். அதே சமூகத்துல வந்த தொழிலாளர் தலைவி டோலோரஸ் ஹுவெர்ட்டா அம்மாவப் பாரு, பசியோட வர்ற பிள்ளைங்களப் பாத்து டீச்சர் வேலைய விட்டாங்க, கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன் ஊர்ல வீடு வீடா ஏறி ஓட்டர் லிஸ்ட்ல ஜனங்க பேர சேத்தாங்க, அப்புறம்தான் 1962ல சீசர் சாவேஸோட சேந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. எனக்கு அந்த வீடு வீடா ஏறினதுதான் பெருசாத் தெரியுது.

நீயும் 7 பேர சேத்து 1975ம் வருஷ சங்கப் பதிவுச் சட்டத்துல ரெஜிஸ்டர் பண்ணு, எல்லாரும் உன் ஃபிரண்ட்ஸா இருக்க வேணாம், டியூஷனுக்கு வர்ற பசங்களோட அம்மாங்க ரெண்டு மூணு பேர் கண்டிப்பா இருக்கணும். சாக்பீஸ், ஜெராக்ஸ் பில்லக்கூட ஃபைல்ல போடு, நாளைக்கு சங்கத்துக்கு வருமான வரி விலக்கு, நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை, கம்பெனிங்களோட சமூகப் பொறுப்பு நிதின்னு (சிஎஸ்ஆர்) போனா முதல்ல கணக்கதான் கேப்பாங்க. உன்கிட்ட படிச்சு இப்ப காலேஜ் போற பசங்களக் கூப்பிட்டு வாரத்துல ரெண்டு நாள் சென்டர் சாவியக் கையில கொடு, அந்த ரெண்டு நாளும் நீ அந்தப் பக்கமே போகாத.