ஒரு மூட்டை ராகி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தருமபுரியை ஒட்டி வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 11 வயதில் ஒரு பையன், 7 வயதில் ஒரு பெண். வாடகை, பள்ளி வேன், கடன் தவணை எல்லாம் போக மாதம் 12,000 ரூபாய் கையில் நிற்கும். ஆறு மாதமாகச் சிக்கனமாக இருந்து பார்க்கிறோம். தண்ணீர் கேனை நிறுத்திவிட்டு போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். ஒரு லிட்டர் பாலை டீக்கு மட்டும் கால் லிட்டர் என்று ஆக்கிவிட்டோம். மளிகை வீணாகக் கூடாது என்று அன்றன்றைக்குச் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறோம். அப்படியும் கடைசி வாரம் கையைக் கடிக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சலிப்பு வேறு. இன்னும் எதைக் குறைக்கலாம்?

ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

குறைத்தவற்றில் இரண்டைத் திரும்பக் கூட்டச் சொல்லித்தான் இந்தப் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒன்று குடிதண்ணீர், இன்னொன்று பால். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருகிறது; கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. 2013-ல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தானே, உப்பெல்லாம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். 1.5 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவைத்தால் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. நீங்கள் ‘நன்றாக’ கொதிக்கவைத்த அளவுக்குத் தண்ணீர் கெட்டிருக்கிறது. துணியில் வடிகட்டுவதோ கேண்டில் ஃபில்டரோ இதற்கு உதவாது. ஆர்.ஓ. எடுக்கும்.

உங்கள் பெண்ணுக்கு 7 வயது. நிலைப்பற்களின் மேற்பூச்சு ஏறக்குறைய எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் உடம்பில் சேரும் ஃபுளோரைடுதான் பிறகு பல்லில் வெள்ளைத் திட்டாகவும் பழுப்புக் கோடாகவும் தெரியும், தேய்த்தால் போகாது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு இன்னும் கூடும். அதனால்தான் போர் தண்ணீரும் பால் குறைப்பும் ஒரே வீட்டில் ஒன்றாக நடக்கக் கூடாது என்கிறேன்.

ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறதென்றால் கேனும் வேண்டாம், ஆர்.ஓ. மெஷினும் வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். குடிக்க மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள், சமையலுக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். களியும் சாதமும் ஊற்றிய தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். போர் தண்ணீர் துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ. குழாயில் வரவில்லையென்றால் கேனைத் திரும்பத் தொடங்குங்கள். போரின் நிலவரம் தெரிய குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். சோதனைக்குச் செலவழிக்கும் பணத்தை வீண்செலவில் சேர்க்காதீர்கள்.

இனி மளிகைக்கு வருவோம். உங்கள் காசு ஒழுகுவது அந்தச் சின்னப் பாக்கெட்டில்தான். வீணாகாமல் இருக்க நூறு கிராம், இருநூறு கிராம் என்று வாங்குகிறவர் எப்போதும் அதிக விலையில்தான் வாங்குகிறார். அதுவும் ராகி, துவரை, கொள்ளு, அவரை, புளி, மாங்காய், தக்காளி எல்லாம் கையெட்டும் தூரத்தில் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு! இங்கே மாத பட்ஜெட் போடுவதைவிட வருஷ பட்ஜெட் போடுவதில்தான் மிச்சம் இருக்கிறது. அறுப்பு வருகிற மாதத்தில் வாங்கி, நன்றாகக் காயவைத்து, கெடாமல் வைத்துச் சாப்பிட வேண்டும். முதல் வருஷம் இரண்டே பொருளில் தொடங்குங்கள்: ராகி, புளி.

ராகிக் கணக்கு இப்படி. நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 400 கிராம் மாவு. வாரத்தில் ஐந்து வேளை என்றால் 2 கிலோ, வருஷத்துக்கு 104 கிலோ. 2023 மே மாதத்திலிருந்து தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் ஏற்பாடு வந்தது; வாங்காமல் விடாதீர்கள். மாதம் தவறாமல் கிடைத்தால் அதில் 24 கிலோ. மிச்சம் 80 கிலோவை மார்கழி, தையில் மானாவாரி ராகி களத்துக்கு வரும்போது பென்னாகரம், பாலக்கோடு பக்கம் விவசாயிகளிடமோ வாரச்சந்தையிலோ வாங்கிவிடலாம். வாங்கும்போது நாலு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். ‘நறுக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேரே மூட்டை கட்டி மூலையில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு நாள் நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள். காய்ந்த சூட்டோடு கட்டவும் கூடாது. சூடான தானியம் மூட்டைக்குள் வேர்த்து, ஒரு மாதத்தில் மக்கிய வாசனை அடிக்கும். ராத்திரி முழுக்க நிழலில் ஆறட்டும், காலையில் கட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ராகி முழு மணியாக இருக்கும்வரை பூச்சி அவ்வளவாக அண்டாது. வருஷம் தாண்டியும் இருக்கும். மாவாக்கிவிட்டால் கதை வேறு. அதனால் ஒரு தடவைக்கு 5 கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். கல் அரித்து, கழுவி, நன்றாக உலர்ந்த பிறகுதான் மில்லுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மாவு கட்டி கட்டியாகிப் புளித்த வாடை வரும். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். துணியில் பரப்பி ஆறவைத்த பிறகே டப்பாவில் கொட்டுங்கள்.

களி பிடிக்காத வீடுகளில் பெரும்பாலும் களி சரியாக வேகவில்லை என்றுதான் அர்த்தம். 400 கிராம் மாவுக்கு 100 கிராம் நொய், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். நொய் குழைய வெந்து தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் குவித்துக் கொட்டுங்கள். உடனே கிண்டினால் கட்டி தட்டும். துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு, மூடி, சிறு தீயில் எட்டு பத்து நிமிஷம் விடுங்கள். அதற்குப் பிறகு பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சாகக் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. பச்சை மாவு வாசனை வந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் மூடி வையுங்கள். பையனும் பெண்ணும் களியைத் தள்ளினால் வற்புறுத்தாதீர்கள். நாலு பங்கு ராகி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து அரைத்துக் கலந்து, ராத்திரி புளிக்கவைத்து தோசை ஊற்றுங்கள். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ஆனால் அதற்காகக் குழந்தைகளின் பாலை நிறுத்த வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

புளி மாசி, பங்குனியில் வரும். உங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு 8 கிலோ தாராளம். ஓடு நீக்கிக் கொட்டை எடுக்காத புளி மலிவு, ஆனால் அதில் சதை நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்குதான். 8 கிலோ சுத்தமான புளிக்கு 13, 14 கிலோ வாங்க வேண்டும். இரண்டு விலையையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு எது லாபமோ அதை வாங்குங்கள். நார், கொட்டை எடுத்து ஒருநாள் வெயில் காட்டி, கிலோவுக்கு 50 கிராம் கல்லுப்பு தூவி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடையுங்கள். அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளி அரித்துவிடும். எடுக்கும்போது ஈரக்கை படக் கூடாது.

பருப்பை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. இப்போதைக்கு அதை மாதம் தவறாமல் வாங்கினாலே பெரிய உதவி. மொச்சை, தட்டைப்பயறு மட்டும் மொத்தமாக வாங்கினால் ஒன்று செய்ய வேண்டும். வண்டு முழுப்பயறின் மேல்தான் முட்டையிடும். வெயிலில் காயவைத்து ஆறிய பிறகு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழும்போது கூடை கூடையாக வாங்கித் தொக்கு செய்கிறார்கள். கேஸைக் கணக்கில் எடுப்பதில்லை. 5 கிலோ தக்காளியில் 3 கிலோ தண்ணீரை அடுப்பில் வற்றவைக்க சுமார் 300 கிராம் கேஸ் போகும். வட்டமாக நறுக்கி, உப்புத் தடவி, மாடியில் மூன்று நாலு நாள் வற்றலாகப் போட்டால் வெயிலுக்குக் காசு இல்லை. கிலோவுக்கு 60, 70 கிராம்தான் தேறும், பார்க்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் விலை ஏறும் மாதத்தில் குழம்புக்கு ஒரு பிடி போதும். வைகாசியில் பெங்களூரா மாங்காயையும் இப்படியே வற்றல் போடலாம்.

மின்சாரத்தில் ஒரே விஷயம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் வித்தியாசம். அதிகம் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

மூட்டை வாங்க மொத்தமாகப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நகையை வைத்து வாங்காதீர்கள், மிச்சம் வட்டிக்குப் போய்விடும். பதிவில்லாத சீட்டிலும் சேர வேண்டாம். வங்கியில் பங்குனியில் ஒரு ஆர்.டி. தொடங்குங்கள், மாதம் 500 ரூபாய், பத்து மாதம். தையில் 5,000 ரூபாயும் அதன் வட்டியும் கைக்கு வரும், ராகி களத்துக்கு வரும் மாதமும் அதுதான். அதுவரை பாக்கெட் மாவு என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூட்டை விலையோடு வண்டி வாடகை, அரைவைக் கூலியைச் சேர்த்து, அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு மிச்சம் என்பதை நான் சொல்வதைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும்.

அன்புடன்.